கேட்காமல் நேர்ந்துகொண்டது

1463 நவம்பர் 12, சனிக்கிழமை. மருத்துவச்சி ஹெட்விக்குக்கு: நான்கு ஷில்லிங்.
அதே நாள். மார்கரெட் அம்மாள் பீடத்துக்கு இரண்டு ராத்தல் மெழுகு: ஆறு ஷில்லிங்.
1463 டிசம்பர் 22. தீட்டுக் கழிப்பு மெழுகுவத்தியும் காணிக்கையும்: ஒன்பது காசு.
1466 அக்டோபர் 3. ரோமாபுரிக்கு விண்ணப்பம் எழுதிய எழுத்தருக்கு: பொற்காசு ஒன்று.
1468 ஜூன் 9. அதையே திருத்தி எழுதியதற்கு: மறுபடியும் பொற்காசு ஒன்று.
1470 ஏப்ரல் 30. கான்ஸ்தன்ஸுக்குப் படகு, இரண்டு பேருக்கு: ஆறு காசு.

இவ்வளவும் ஒரே வீட்டிலிருந்து ஒரே காரியத்துக்காகச் செலவானவை. வீடு, ஏரிவாசலை ஒட்டியிருந்த குளியல்கூடம். காரியம், குளியல்கூடத்துக்காரர் புர்க்கார்ட் தன் மனைவி வெரேனாவைப் பிழைக்கவைக்கச் சொல்லி புனிதை மார்கரெட் அம்மாளிடம் நேர்ந்துகொண்ட நேர்த்தி. நேர்ந்துகொண்டது அவர். அதோடு குடித்தனம் நடத்தியது வெரேனா.

அவள் மலைச்சரிவில் திராட்சைத் தோட்டம் காத்தவரின் ஆறாவது பெண். ஐந்து அக்காமாரையும் கட்டிக்கொடுத்து முடித்தபோது அப்பாவிடம் மிஞ்சியது ஒரு கிழட்டுக் கழுதையும் தீராத இருமலும்தான். பதினேழு வயதில் குளியல்கூடத்துக்கு முதுகு தேய்க்கும் வேலைக்கு வந்தாள். செவ்வாயும் வியாழனும் ஆண்கள் நாள், சனி பெண்கள் நாள். ஆண்கள் நாளிலும் தேய்த்துவிடுகிறவர்கள் பெண்கள்தான். உள்ளூரில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வெளியூர்க்காரர்கள்தான் கண்ணடித்துப் பேசுவார்கள்.

ஒருமுறை உப்பு வியாபாரி ஒருவர் தொட்டிக்குள் சாய்ந்துகொண்டு, "இங்க தண்ணி மட்டும்தான் சூடா, இல்ல வேற எதுவும் கிடைக்குமா?" என்று கேட்டார். வெரேனா ஏரித் தண்ணீர் இருந்த வாளியை அப்படியே அவர் தலையில் கவிழ்த்தாள். "சூடு தணிஞ்சுதா ஐயா? இதுக்குத் தனிக் கூலி கிடையாது" என்றாள். கூடமே சிரித்தது. மூலையில் ஒருவருக்குக் கொம்பு வைத்து ரத்தம் எடுத்துக்கொண்டிருந்த புர்க்கார்ட் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கொம்பு வைக்கப்பட்டவர், "யோவ், என் ரத்தம் பூரா போகுதுய்யா" என்று கத்திய பிறகுதான் கை அசைந்தது.

புர்க்கார்ட் பெரிய உடம்புக்காரர், அதிகம் பேசாதவர். சொன்ன சொல் என்றால் அதில் தொங்கிக்கொண்டே கிடப்பார். ஒரு விவசாயிக்கு மீதிக் காசு ஒன்று குறைத்துக் கொடுத்துவிட்டதை இரவு நினைத்துப் பார்த்து, மறுநாள் விடிந்ததும் இரண்டு மணி நேரம் நடந்து போய்க் கொடுத்துவிட்டு வந்த ஆள். அப்படிப்பட்டவர் அவளைக் கேட்ட விதத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு சனிக்கிழமை, பெண்கள் எல்லாம் போனபின் இருவரும் பெரிய தொட்டியைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இதைத் தனியாத் தூக்கினா என் முதுகு போயிடும் வெரேனா. நீ காலமெல்லாம் அந்தப் பக்கம் பிடிச்சுக்கிறியா?"

"கூலி என்ன?"

"நான்தான்."

"குறைச்சலா இருக்கே" என்றாள். ஆனால் தொட்டியை விடவில்லை.

மறுநாள் இரண்டு சாட்சிகள் முன்னால் கைபிடித்து வார்த்தை சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்பது அந்த வார்த்தைதான். கோயில் வாசலில் சாமியார் ஆசீர்வதித்தது மூன்று வாரம் கழித்து. அதுவரை அவர்கள் தனித்தனியாகப் படுத்தார்களா என்று யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

நான்கு வருஷம் அவர்கள் ஒருவரையொருவர் அனுபவித்து வாழ்ந்தார்கள். தவக்காலத்தில் விலகியிருப்பார்கள், வெள்ளிக்கிழமைகளிலும் பெரிய திருநாள்களின் முந்தின இரவிலும்கூட. அந்தக் கணக்கெல்லாம் புர்க்கார்ட் தலையில். வெரேனாவுக்கு எந்த அப்போஸ்தலர் திருநாள் எப்போது வரும் என்று நினைவே இருக்காது. "இன்னைக்கு யாரு?" என்று போர்வைக்குள்ளிருந்து கேட்பாள். "இன்னைக்கு யாரும் இல்ல" என்று அவர் சொன்னால் சிரிப்பாள். பிள்ளைதான் உண்டாகவில்லை. பெண்ணுக்கு இன்பம் இல்லாவிட்டால் கரு தங்காது என்று வைத்தியர்கள் சொல்வது ஊர் அறிந்த விஷயம். ஆகவே சனிக்கிழமைக் குளியலில் பெண்கள் அவளைத் துளைத்தெடுத்தார்கள்.

"ஏன்டி, உன் ஆளுக்கு நீராவிக் கல்லைச் சூடேத்த மட்டும்தான் தெரியுமோ?"

"அந்தக் குறை கிடையாது அக்கா. உங்க வீட்டுக்கு வேணும்னா ரெண்டு கல் அனுப்பட்டுமா?"

ஐந்தாவது வருஷம் கரு தங்கியது. நவம்பர் பத்தாம் தேதி வலி கண்டது. மூன்று நாள் பிள்ளை வெளியே வரவில்லை. பிரசவ அறைக்குள் ஆண்கள் போகக்கூடாது. புர்க்கார்ட் அடுப்பறையில் நின்று வெறுமனே விறகு பிளந்துகொண்டிருந்தார். மூன்றாம் நாள் விடியலில் ஹெட்விக் கதவைத் திறந்து, "சாமியாரைக் கூப்பிட்டு வெச்சுக்கோ புர்க்கார்ட்டு" என்றாள். முப்பது வருஷம் ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கையில் வாங்கியவள். அவள் அப்படிச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அவர் சாமியார் வீட்டுக்குப் போகவில்லை. கோடரியைப் போட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடினார். தன்னை விழுங்கிய பறவைநாகத்தின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தவள் மார்கரெட் அம்மாள். பிள்ளை பெறுகிறவர்களுக்கு அவள்தான் துணை. புர்க்கார்ட் அவள் பீடத்தின் முன் விழுந்து, தன்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தார். கூடம் நகர மன்றத்துடையது, தொட்டிகள் கடனில் வாங்கியவை. தனக்கென்று இருந்ததில் ஆகப் பெரியது எதுவோ அதைச் சொன்னார். வெரேனா பிழைத்தால் சாகும்வரை இனி அவளோடு புருஷனாகப் படுப்பதில்லை. அந்தப் படுக்கைதானே அவளை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது என்று அவருக்குப் பட்டது.

அவர் திரும்பி வந்தபோது தெருமுனையிலேயே குழந்தையின் அழுகை கேட்டது. பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். மார்கரெட் என்றே பெயர் வைத்தார்கள்.

நாற்பதாம் நாள் வெரேனா மெழுகுவத்தியோடு கோயிலுக்குப் போய்த் தீட்டுக் கழித்துவிட்டு வந்தாள். தலை கழுவி, சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு படுத்தாள். புர்க்கார்ட் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பலவீனமாக இருக்கிறாளே என்று விட்டுவைக்கிறார் என்று அவள் நினைத்தாள். கிறிஸ்துமஸ் போனது, மூன்று ராஜாக்கள் திருநாள் போனது. அவர் பானையில் இருந்த கறித்துண்டை அவள் தட்டில் போட்டார், வாளியைத் தூக்கவிடவில்லை, குழந்தையைத் தோளில் போட்டு நடந்தார். இரவில் மட்டும் சுவர்.

அவள் தொட்டித் தண்ணீரில் தன் உடம்பைக் குனிந்து பார்த்தாள். வயிற்றில் கோடுகள், தளர்ந்த மார்பு. அதனால்தானோ? புதிதாக வந்த தேய்க்கிற பெண்ணை இரண்டு வாரம் வேவு பார்த்தாள். அந்தப் பெண் ரொட்டிக்கடைக்காரரின் மகனைத் தவிர யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதாகத் தெரியவில்லை. தவக்காலம் வந்தபோது வெரேனாவுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நாற்பது நாள் மட்டும் ஊரில் எல்லாப் பெண்களும் அவளைப் போலத்தான்.

ஈஸ்டருக்கு அடுத்த வாரம் கூடத்தில் யாரும் இல்லாத பகலில் அவரை மறித்து நின்றாள்.

"சொல்லு மனுசா. நான் நாறுறேனா?"

"ஐயோ, இல்ல வெரேனா."

"வேற எவளாவது?"

"சத்தியமா இல்ல."

"அப்புறம் ஏன் சுவரைக் கட்டிக்கிட்டு அழுவுற?"

அவர் சொன்னார். மூன்றாம் நாள் விடியலையும் கோடரியையும் பீடத்தையும் எல்லாவற்றையும் சொன்னார். வெரேனா முதலில் உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு பெரிய மனுசன் தனக்காக அங்கே விழுந்து கிடந்தானா என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அது கொஞ்ச நேரம்தான். அப்புறம் கோபம் வந்தது.

"என்னைக் கேட்டியா?"

"நீ செத்துக்கிட்டு இருந்த."

"அதுக்காக? பக்கத்து வீட்டுப் பசுவை அவிழ்த்துக்கிட்டுப் போய்க் கோயில்ல கட்டிட்டு வருவியா? உன்னோடதை நீ கொடுத்த, சரி. அதுல பாதி என்னோடது!"

புர்க்கார்ட் இதை யோசித்துப் பார்த்திருக்கவே இல்லை. அன்றைக்கே இருவரும் பங்குச் சாமியார் யோஸிடம் போனார்கள்.

யோஸ் சாமியார் வீட்டில் சமையலுக்கு ஓர் அம்மாள் இருந்தாள். முற்றத்தில் அவர் சாயலில் இரண்டு பிள்ளைகள் விளையாடும். ஊர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கும். ஆனால் மற்றவர்களுடைய குடும்ப விஷயத்தில் அவர் கவனமானவர். இதற்கு நம் அறிவு போதாது என்று ஆயர் இருக்கும் கான்ஸ்தன்ஸ் நகரத்துப் படித்தவர்களுக்கு எழுதிக் கேட்டார். பெந்தகோஸ்தே சமயத்தில் பதில் வந்ததும் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"புர்க்கார்ட்டு, நீ நேர்ந்துகிட்டது செல்லும். அதனால இனிமே நீ கேட்கக்கூடாது. ஆனா வெரேனா சம்மதிக்கல, அவ உரிமை அப்படியே இருக்கு. தாம்பத்தியக் கடன் ரெண்டு பேருக்கும் பொது. அவ கேட்டா நீ கொடுத்தே ஆகணும்."

"நான் கேட்டா பாவம்."

"ஆமா."

"அவ கேட்டு நான் கொடுக்கலேன்னா அதுவும் பாவம்."

"அதேதான்."

"நடுவுல நான் எங்கதான் நிக்கிறது சாமி?"

"நிக்காத, படு. படுத்துக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இரு" என்றார் சாமியார். பிறகு வெரேனாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "பெண்பிள்ளைங்க வாய்விட்டுக் கேட்க மாட்டாங்கன்னு பெரியவங்களுக்கும் தெரியும் அம்மா. ஜாடை காட்டினாலே கேட்ட மாதிரிதான்னு எழுதி வெச்சிருக்காங்க."

"ஜாடையை நான் தப்பா எடுத்துக்கிட்டா?" என்றார் புர்க்கார்ட். "அவ சும்மா தலையைச் சொறிவா. நான் ஜாடைன்னு நினைச்சுக் கையை வெச்சா, அது நான் கேட்டதா ஆயிடாதா? எனக்கு ஜாடை வேணாம் சாமி. அவ வாயால சொல்லட்டும்."

"எனக்குப் பேன் கிடையாது, நான் ஏன் தலையைச் சொறியப்போறேன்?" என்றாள் வெரேனா. ஆனால் காது இரண்டும் சிவந்து போயின.

ஊரில் எந்தப் பெண்ணும் அப்படிக் கேட்டதாக அவள் கேள்விப்பட்டதில்லை. வேடிக்கையாகப் பேசுவது வேறு. சனிக்கிழமைத் தொட்டியில் எட்டுப் பேர் முன்னால் எதை வேண்டுமானாலும் பேசலாம். ஒருவர் முன்னால் நேராக நின்று கேட்பதற்கு வார்த்தையே இல்லை. மூன்று வாரம் அவள் வாயைத் திறந்து திறந்து மூடினாள். "உப்பு எடு" என்று முடிப்பாள். அவர் உப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, வேறு ஏதாவது வேண்டுமா என்பதுபோல் நிற்பார். அதற்கு மேல் ஒரு சொல் பேச அவருக்கு உரிமை இல்லை.

ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை. கூடத்துக்கு விடுமுறை, கற்கள் ஆறிக் கிடந்தன. வெரேனா சாம்பலும் மணலும் போட்டுத் தொட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை கூடையில் தூங்கியது. அவர் ஏணிமேல் நின்று புகைக்கூண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். முகம் தெரியாததால்தானோ என்னவோ அவளுக்குத் தைரியம் வந்தது.

"புர்க்கார்ட்டு, எனக்கு நீ வேணும்."

ஏணியில் சத்தம் நின்றது.

"இன்னைக்கா?"

"இன்னைக்குத்தான். இன்னைக்கு யாராவது திருநாளா?"

"யாரும் இல்ல. நீ கேட்டதுதானே? நான் தப்பாக் காதுல வாங்கலையே?"

"இன்னொரு தடவை சொல்லவெச்சேன்னா வாளியால அடிப்பேன்."

அவர் மேலெல்லாம் கரியோடு இறங்கி வந்தார். கண்ணுக்குக் கீழே கரியில் இரண்டு வெள்ளைக் கோடு இறங்கியிருந்தது. பட்டப்பகலில் தாழ்ப்பாள் போட்டார்கள். கொம்பு வைத்துக்கொள்ள வந்த ஒருத்தி வெகுநேரம் தட்டிப் பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டே போனாள்.

அப்படியே நாள் ஓடியது. முதல் சில மாதம் வெட்கம், பிறகு பழக்கம். அதற்கும் அப்புறம் அதில் ஒரு சுகம் வந்ததாக வெரேனா ஹெட்விக்கிடம் சொன்னாள். கேட்கவேண்டும் என்றால் முதலில் தனக்கு என்ன வேண்டும் என்று தெரியவேண்டும். அதை அவள் அதுவரை யோசித்ததில்லை. இன்று வேண்டும், இப்படி வேண்டும், மெதுவாக வேண்டும், சும்மா கால் பிடித்துவிட்டால் போதும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லக் கற்றாள். அவரும் காது கொடுக்கக் கற்றார். தொட்டியில் மற்றப் பெண்கள், "கேட்கிறதாவது! என் ஆளு போர்வையை இழுப்பான், அதுதான் கேள்வி" என்று அலுத்துக்கொள்ளும்போது அவள் கழுத்துவரை நீருக்குள் இறங்குவாள். தனக்குக் கிடைத்தது அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்று நினைத்து மார்கரெட் அம்மாளுக்கு ஒரு நன்றி சொல்லுவாள்.

1465 கோடையில் மறுபடியும் கரு தங்கியது. புர்க்கார்ட் பாதி உடம்பாக இளைத்தார். வலி கண்ட அன்று வெரேனா முதலில் கூப்பிட்டது மருத்துவச்சியை அல்ல, படகுக்காரர் லியன்ஹார்ட்டை.

"அண்ணே, இவரைக் கோயில் பக்கம் விடாதீங்க. போன தடவை என்னையே கொடுத்துட்டு வந்தாரு. இந்தத் தடவை வீட்டையும் பிள்ளையையும் கொடுத்துட்டு வந்துருவாரு."

லியன்ஹார்ட் யோசித்தார். புர்க்கார்ட்டின் துணியையெல்லாம் உருவி அவரை வெந்நீர்த் தொட்டியில் இறக்கினார். துணியைத் தன் பிட்டத்துக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டார். மார்ச் மாதக் குளிரில் அம்மணமாகக் கோயிலுக்கு ஓடமாட்டார் என்பது கணக்கு. புர்க்கார்ட்டின் உதடு அசையும்போதெல்லாம் கையால் வாயைப் பொத்தினார்.

"பரலோக மந்திரம்தான்யா சொல்றேன்!"

"சத்தமாச் சொல்லு. ஜெபம் பண்ணு, பேரம் பண்ணாத."

தண்ணீர் ஆறுவதற்குள் பையன் பிறந்துவிட்டான். ஹெட்விக் வந்து சொன்னபோது புர்க்கார்ட் தொட்டியிலிருந்து எழுந்து லியன்ஹார்ட்டைக் கட்டிக்கொண்டார். லியன்ஹார்ட் அதற்கப்புறம் பல வருஷம் அந்த ஈரத்தைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படியே இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஆகஸ்டில் வெரேனாவின் அப்பா இருமி இருமி இறந்துபோனார். அடக்கம் முடிந்து வந்த பிற்பகல் அவள் கூடத்துப் பலகையில் உட்கார்ந்தாள். கையை அசைக்கவும் தெம்பு இல்லை. எதிர்ப் பலகையில் புர்க்கார்ட் உட்கார்ந்திருந்தார். இரண்டு முழ தூரம்தான். அவள் அழுதாள். அவர் இரண்டு கையையும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

மறுநாள் அவளால் பொறுக்கமுடியவில்லை.

"ஒரு நாயா இருந்தாக்கூடக் கிட்ட வந்து படுத்திருக்கும்."

"கை வந்துச்சு வெரேனா. உன்னைப் பிடிச்சுக்கிட்டா அதோட நிறுத்திக்குவேனான்னு எனக்கே தெரியல. அது நான் கேட்டதா ஆயிடுமோன்னு பயந்துட்டேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…"

"சொல்லத் தெம்பு இல்லாதவதான் அழுதுக்கிட்டு உட்கார்ந்திருந்தா."

அவளுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. கேட்பது அவளுக்கு வந்துவிட்டது. கேட்கப்படுவதுதான் இல்லாமல் போயிருந்தது. ஒரே ஒரு தடவையாவது அவர் தானாக வந்து கேட்கவேண்டும். அதற்கு அந்த நேர்த்தி அவிழவேண்டும். உயிருள்ளவரை என்று நேர்ந்துகொண்டதை மாற்றித்தர யோஸ் சாமியாராலும் முடியாது, ஆயராலும் முடியாது. பாப்பரசரின் ஆட்கள்தான் ரோமாபுரியிலிருந்து சொல்லவேண்டும். அப்படித்தான் முதல் பொற்காசு செலவானது.

ஒன்றரை வருஷம் கழித்து, 1468 மே மாதம், மலைகளைத் தாண்டி முதல் கடிதம் வந்தது. யோஸ் சாமியார் லத்தீனை வாசித்துக்கொண்டே வந்து பாதியில் நிறுத்தினார்.

"என்ன சாமி, கொடுக்கலையா?"

"கொடுத்திருக்காங்க. ஆனா… வெரேனா என்கிற பெண், தான் எடுத்த கற்பு விரதத்திலிருந்து விடுவிக்கப்படுகிறாள்னு இருக்கு."

விண்ணப்பம் எழுதியவர் பெயரை மாற்றி எழுதிவிட்டார். பெண்கள்தான் இப்படியெல்லாம் நேர்ந்துகொள்வார்கள் என்று நினைத்தாராம். வெரேனா மேசையில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். "எனக்கு விடுதலையாம்! இனிமே நான் கேட்கலாமாம்!" சிரித்துச் சிரித்துக் கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது அது சிரிப்புக் கண்ணீர் மட்டுமல்ல என்று புர்க்கார்ட்டுக்குத் தெரிந்தது. இரண்டாவது பொற்காசை அவரே எண்ணிக் கொடுத்தார். இம்முறை எழுத்தர் பக்கத்திலேயே நின்று, தன் பெயர் எங்கே இருக்கிறது என்று விரலால் காட்டச் சொன்னார்.

இரண்டாவது கடிதம் 1470 பிப்ரவரியில் வந்தது. மனைவி சம்மதிக்கவில்லை என்பது உண்மைதானா என்று கான்ஸ்தன்ஸில் விசாரிக்கவேண்டும், உண்மையானால் நேர்த்திக்குப் பதிலாக வேறொரு நற்செயலை விதித்து அவிழ்த்துவிடலாம் என்று அதில் இருந்தது. ஏப்ரல் முப்பதாம் தேதி லியன்ஹார்ட்டின் படகில் போனார்கள்.

விசாரித்தவர் ஜலதோஷம் பிடித்த, ஒல்லியான சட்ட அறிஞர். மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"உன் கணவர் நேர்ந்துகொண்டபோது நீ சம்மதம் கொடுத்தாயா?"

"இல்லைங்க ஐயா. நான் அந்த நேரம் செத்துக்கிட்டு இருந்தேன்."

"அதற்குப் பிறகு நீ கேட்டு அவர் மறுத்ததுண்டா?"

"ஒரே தடவை. அவருக்குக் காய்ச்சல். பாவம், அப்பவும் முயற்சி பண்ணாரு."

அறிஞர் தலையை நிமிர்த்தினார்.

"அப்படியானால் உனக்கு என்னம்மா குறை?"

"குறை சொல்ல வரலைங்க. எனக்காக இவரு தன்கிட்ட இருந்ததிலேயே பிடிச்சதைக் கொடுத்தாரு. அந்த நன்றி எனக்கு இருக்கு. அதனாலதான் நான் வாயைத் திறந்து பேசக் கத்துக்கிட்டேன், அதுக்கும் நன்றிதான். ஆனா ஆறு வருஷமா நான்தான் கேட்கிறேன். இவருக்கு நான் வேணும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சாப் போதாதுங்க. அதை இவரு வாயால ஒரு தடவை கேட்கணும்."

அறிஞர் வெகுநேரம் மூக்கைத் துடைத்தார். பிறகு புர்க்கார்ட்டிடம், பதிலுக்கு உன்னால் என்ன செய்யமுடியும் என்று கேட்டார். புர்க்கார்ட் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தார். எங்கள் ஊர்களில் இறந்தவர்கள் ஆன்மாவுக்காக ஏழைகளுக்கு இலவசக் குளியல் கொடுப்பதுண்டு. அவர் அதையே பிள்ளை பெற்ற ஏழைப் பெண்களுக்குக் கொடுப்பதாகச் சொன்னார். வருஷத்துக்கு நான்கு முறை வெந்நீரும் ரொட்டியும், ஆளுக்கு ஒரு கோப்பைத் திராட்சைரசமும். முடிவு கடிதமாக வரும் என்று சொல்லி அறிஞர் அவர்களை அனுப்பிவைத்தார்.

திரும்பும்போது ஏரி அமைதியாக இருந்தது. புர்க்கார்ட் அவள் பக்கம் திரும்பினார்.

"வெரேனா, அந்தக் கடிதம் மட்டும் வரட்டும். முதல் வேலையா நான்…"

"வாயை மூடு! சொன்னா அதுவே கேட்டதா ஆயிடும்."

"என் படகுல யாரும் எதுவும் கேட்காதீங்கப்பா" என்றார் லியன்ஹார்ட். "ஏற்கெனவே ஓட்டை."

கோடை முழுக்கக் காத்திருந்தார்கள். திராட்சை பறித்து முடிந்தது, ஏரியில் மூடுபனி இறங்கத் தொடங்கியது. ஒரு காலையில் யோஸ் சாமியார் மழையில் நனைந்தபடி கூடத்துக்குள் வந்து, அடுப்பருகே நின்று கடிதத்தை வாசித்தார். நேர்த்தி அவிழ்ந்தது. நான்கு குளியல், ரொட்டி, திராட்சைரசம், எல்லாம் சொன்னபடி. புர்க்கார்ட் தன் பெயர் வரும் இடத்தை இரண்டாம் முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

சாமியார் போனபின் வெரேனா துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் திருநாள் கூட்டம், இரண்டு பங்கு வேலை, இடுப்பு விட்டுப்போயிருந்தது. புர்க்கார்ட் வந்து நின்றார். கையைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். ஏழு வருஷமாக வழக்கம் விட்டுப்போன வார்த்தை.

"வெரேனா… உனக்கு… தொட்டி ஏதாவது தூக்கணுமா?"

"இதுக்காடா ரோமாபுரி வரைக்கும் எழுதினோம்?"

அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். "எனக்கு நீ வேணும் வெரேனா. ஏழு வருஷமா ஒவ்வொரு நாளும் வேணும்னுதான் இருந்துச்சு. இன்னைக்கு வேணும். உனக்கும் வேணுமா?"

அவள் கையில் இருந்த துண்டு பாதி மடிப்பில் நின்றது. தலையை ஆட்டிச் சிரித்தாள்.

"இன்னைக்கு வேணாம் புர்க்கார்ட்டு. இடுப்பு கழண்டு போச்சு. நாளைக்குக் கேளு."

அவர் முகம் விழவில்லை. நாளைக்கும் கேட்கலாம் அல்லவா? பலகையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கேட்காமலேயே தோளைச் சுற்றிக் கையைப் போட்டார், இன்னொரு கையால் இடுப்பைப் பிடித்துவிட்டார். வெரேனா அவர்மேல் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினாள். துண்டுகள் அப்படியே கிடந்தன.

கடைசிக் கடிதம் வந்த நாள்: 1470 அக்டோபர் 17, கல்லுஸ் திருநாளுக்கு மறுநாள், புதன்கிழமை.